வெற்று லோரியின் எடை

பீடோருக்கு வெளியே செம்பனை ஆலை வாசலில்
இருபத்தாறு வருடமாய் எடைக் கிராணி நான்.
லோரி ஏறும், எண் நிற்கும், எழுதுவேன்.
குலையை இறக்கித் திரும்பும், மறுபடி எழுதுவேன்.
கழித்து வருவதற்குத்தான் காசு.
மற்றதெல்லாம் இரும்பு, டீசல், டிரைவரின் தொந்தி.

அந்தப் பெண் வந்தது வேறு எடைக்கு.
பெயர் ஜெலிதா. மேலே மலைக் கம்பத்துச் செமாய்.
ஞாயிற்றுக்கிழமை பாலத்தைத் தருவீர்களா என்று
மலாயில் கேட்டாள்.
எதை நிறுக்க?
"மலையை" என்றாள். சிரிக்கவில்லை.

படம் எடுக்கிறாளாம். கதை நடப்பது
இன்னும் நூற்றெழுபது வருடம் கழித்து.
செம்பனைகளுக்கு அதற்குள் அலுத்துவிடுகிறது.
நிரை நிரையாய் வேரைச் சுருட்டிக்கொண்டு
வந்த கண்டத்துக்கே கப்பலேறுகின்றன.
அடியில் மலை, தன் பெயரை மறந்து கிடக்கிறது.
பெயர் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று
எடை போட்டால்தான் தெரியும்.

"நீங்கள் இந்த மலையை என்னவென்று சொல்வீர்கள்?"
முப்பத்திரண்டாம் நம்பர் என்றேன்.
"நம்பருக்கு முன்னால்?"
முன்னால் நாங்கள் இங்கே இல்லையே, அம்மா.

ஃபிலிம் சுருளை ஆலைக் கழிவுக் குளத்தில்
பத்தொன்பது நாள் ஊறப்போட்டாள்.
எடுத்தபோது மீன் செதிலாய் உரிந்தது.
நேப்பாளிக் காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான்.
அவளோ வெயிலில் தூக்கிப் பிடித்து
"குளத்தின் பேரையும் போடவேண்டும்,
பாதிப் படம் அது எடுத்தது" என்றாள்.

பிறகு மைக்கை நீட்டினாள்.
அவள் ஆட்களைத் தோட்டத்தில் நாங்கள் சொல்லும் அந்தச் சொல்.
சொல்லுங்கள்.
கோபத்தில் சொன்னதில்லை நான்.
பிள்ளை தூங்காதபோது
பயங்காட்டச் சொல்லியிருக்கிறேன்.
தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.
டாக்டர் மாதிரி நன்றி சொன்னாள்.
தன் மாமா பா அலாங்கைக் கூப்பிட்டு
எங்களை அவர்கள் சொல்லும் சொல்லைச் சொல்லவைத்தாள்.
அவரும் தரையைத்தான் பார்த்தார்.

காட்சி பதினான்கு.
வெறும் லோரி. மலையின் பெயரை ஏற்றி வருகிறதாம்.
நடிக்க வேண்டாம் அங்கிள், எழுதுங்கள் போதும்.
எண் நின்றது.
சனிக்கிழமை வெற்று எடையைவிட
நாற்பது கிலோ கூட.
கேமராக்காரப் பையன் மூச்சுவிடவில்லை.

எனக்குத் தெரியும், ராத்திரி மழை.
பலகையிடுக்கில் சேறு, டயரில் அப்பிய மண்.
சொல்ல வாயெடுத்தேன்.
மண்தான். ஆனால் அந்த லோரி இறங்கி வந்தது
எந்த மலையிலிருந்து?
எழுதினேன்.

பூப்பந்து மண்டபத்தின் பின்னே திரையிட்டார்கள்.
உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த திரை.
என் நெற்றிக்குக் குறுக்கே
"ஐம்பது கிலோ, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று ஓடியது.
கம்பத்து ஆட்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்,
நடுவில் ஐஸ் கச்சாங் விற்கிறவன்.
ட்ராக்டர் மரியதாஸ் எழுந்து
"கதை எங்கே?" என்று கத்தினார்.
யாரோ "உன் பின்னாடி" என்றார்கள்,
திரும்பிப் பார்த்தார். இருட்டு, செம்பனை.

அப்போது மரங்கள் எல்லாம் போய்விட்ட மலையில்
இரண்டு பூச்சிகள் கத்தின.
ஒன்று கத்தும், நிறுத்தும். மற்றது பதில் கத்தும்.
அந்த இரண்டு சொற்களையும்
தலைகீழாய் ஓடவிட்டிருந்தாள்.
என்ன பூச்சிங்க அது, நம்ம பக்கம் கேட்டதே இல்லையே
என்றாள் என் மனைவி புஷ்பவல்லி.
தெரியவில்லை என்றேன்.
கம்பத்துப் பக்கம் பா அலாங்
சிகரெட்டைப் பற்றவைக்காமலே பிடித்திருந்தார்.

மாதக் கடைசியில் தணிக்கைக்காரர் வந்தார்.
ஞாயிறு தேதியில் ஒரு சீட்டு இருக்கிறதே,
நிகரம் நாற்பது கிலோ,
சரக்கு என்ன?

அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.
ஜெலிதா வந்து எழுதுவாள் என்றேன்.
யார் அது என்றார்.
லோரியின் சொந்தக்காரி என்று சொல்லிவைத்தேன்,
அடுத்த லோரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.